ஃபிராங்க் போர்கி: இங்கிலாந்தை வெறுங்கையோடு அனுப்பிய அமெரிக்க கோல்கீப்பர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஃபிராங்க் போர்கி?

1950 உலகக் கோப்பையில் அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்திய ஆட்டத்தில் அமெரிக்காவின் கோலைக் காத்தவர். பிறந்தது 1925 ஏப்ரல் 9, மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில். மறைந்தது 2015 பிப்ரவரி 2. நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் மொத்தம் 9தான். அந்த வெற்றியைப் பற்றி எழுதுகிறவர்கள் கோல் அடித்த ஜோ கேட்ஜென்ஸின் பெயரை மறப்பதில்லை. போர்கியைப் பற்றி எழுதினால் "சவ ஊர்தி ஓட்டியவர்" என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு கோலை வைத்துக்கொண்டு ஐம்பது நிமிடங்களுக்கும் மேல் தாக்குப்பிடித்த ஆட்டம் அது. அப்படிப்பட்ட ஆட்டத்தில் கோல்கீப்பருக்கு ஒரு வரி போதாது.

அமெரிக்காவில் கால்பந்துக்கு அப்போது மதிப்பே இல்லையே, அவர் எங்கே கற்றுக்கொண்டார்?

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் மதிப்பு இல்லைதான். ஆனால் சில ஊர்கள் விதிவிலக்கு. மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர், நியூ ஜெர்சியின் கேர்னி, பிலடெல்ஃபியாவின் தொழிலாளர் குடியிருப்புகள், செயின்ட் லூயிஸ் ஆகிய இடங்களில் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இந்த ஆட்டத்தை விடாமல் பிடித்துவைத்திருந்தார்கள். செயின்ட் லூயிஸில் கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளுக்கு இடையே லீக் ஆட்டங்களே நடந்தன. கார் விற்கும் கடைக்காரர்கள் அணிகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து, அதில் தங்கள் கடைப் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

போர்கி வளர்ந்தது அந்த நகரின் "தி ஹில்" என்ற இத்தாலியப் பகுதியில். பேஸ்பால் உலகின் பெரும் பெயரான யோகி பெராவும் அதே பகுதிக்காரர்தான். போர்கியைவிட ஒரு மாதம் இளையவர். 1950 அணியில் இருந்த ஜீனோ பரியானி, சார்லி கொலம்போ, ஃபிராங்க் வாலஸ் மூவரும் தி ஹில் பையன்கள். வாலஸின் குடும்பப் பெயர் உண்மையில் வாலிசென்டி. நகரின் வேறொரு மூலையிலிருந்து வந்த ஹாரி கியோவையும் சேர்த்தால், இங்கிலாந்தை எதிர்த்து இறங்கிய பதினொருவரில் ஐந்து பேர் செயின்ட் லூயிஸ்காரர்கள்.

போரில் கலந்துகொண்டவர் என்கிறார்களே?

ஆம். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய முனையில், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்யும் படை மருத்துவ உதவியாளராக இருந்தார். வீரச் செயலுக்கான வெண்கல நட்சத்திரப் பதக்கமும், காயம்பட்டோருக்கு வழங்கப்படும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும் பெற்றார். 1945 மார்ச்சில் ரைன் நதிக்கரையில் ரெமாகன் பகுதியில் அவர் கட்டுப்போட்ட சிப்பாய்களில் ஒருவர் ஜாக் பக். அந்த ஜாக் பக்தான் பின்னாளில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் வர்ணனையாளராகி, அந்த நகரத்தின் குரலாகவே அறியப்பட்டவர்.

பேஸ்பால் ஆட்டக்காரர் கோல்கீப்பர் ஆனது எப்படி?

போர் முடிந்து திரும்பியவருக்கு ஆசையெல்லாம் பேஸ்பாலில்தான். கார்டினல்ஸின் கீழ்மட்ட அணி ஒன்றில் தொழில்முறையாகவே ஆடினார். பேஸ்பால் கோடைக்கால ஆட்டம், செயின்ட் லூயிஸில் கால்பந்து குளிர்கால ஆட்டம். இடைப்பட்ட மாதங்களில் உடம்பு இளகாமல் இருக்கக் கால்பந்து ஆடலாம் என்று போனார். காலால் பந்தை அடக்கும் வித்தை தன்னிடம் இல்லை என்பது அவருக்கே தெரியும். ஆனால் பறந்துவரும் பந்தைக் கணித்துப் பிடிக்கும் பழக்கம் இருந்தது, பெரிய கைகளும் இருந்தன. எனவே கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கிறேன் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

கோல் கிக் கூட அடிக்க மாட்டாராமே?

அடிக்க மாட்டார். அவருக்காக நடுத் தடுப்பாட்டக்காரர் சார்லி கொலம்போ வந்து அடித்துக் கொடுப்பார். கையில் பந்து கிடைத்தால் போர்கி உதைப்பதைத் தவிர்த்து, பேஸ்பால் ஆட்டக்காரரின் தோள் வலிமையோடு தொலைவுக்கு எறிவார். உதை எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. எறிந்த பந்து குறிவைத்த ஆளிடம் போய்ச் சேரும். இன்று கோல்கீப்பர்கள் எறிந்தே தாக்குதலைத் தொடங்குவதை நவீன உத்தி என்று பாராட்டுகிறோம். போர்கிக்கு அது உத்தியே இல்லை, வேறு வழி இல்லாததால் செய்தது.

கொலம்போ பற்றி ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். கோல்கீப்பர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு ஆடிய அந்தக் காலத்தில், தடுப்பாட்டக்காரரான அவர் குத்துச்சண்டைப் பயிற்சிக் கையுறை மாட்டிக்கொண்டு களமிறங்குவார். "கிளவ்ஸ்" என்பதுதான் அவருடைய பட்டப்பெயர்.

எந்த கிளப்புக்காக ஆடினார்?

செயின்ட் லூயிஸ் சிம்ப்கின்ஸ்-ஃபோர்டு. ஃபோர்டு கார் விற்பனையாளர் ஜோ சிம்ப்கின்ஸ் ஆதரித்த அணி. அமெரிக்காவின் தேசியக் கோப்பையை இந்த அணி 1948இலும் 1950இலும் வென்றது. கோப்பை வென்றாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும்.

1950 உலகக் கோப்பைக்கு அமெரிக்கா எப்படித் தகுதி பெற்றது?

கொஞ்சம் தட்டுத்தடுமாறித்தான். 1949 செப்டம்பரில் மெக்சிகோ நகரில் மெக்சிகோ, கியூபா, அமெரிக்கா மூன்றும் மோதின. இரண்டு அணிகளுக்கு இடம். மெக்சிகோவிடம் 6-0 என்றும் 6-2 என்றும் உதை வாங்கிய அமெரிக்கா, கியூபாவோடு 1-1 என டிரா செய்து, அடுத்த ஆட்டத்தில் 5-2 என வென்று உள்ளே நுழைந்தது. இந்தியாவுக்கும் இடம் கிடைத்து, கடைசியில் பங்கேற்காமல் போன உலகக் கோப்பை அதுவே.

பயிற்சியாளராக அனுப்பப்பட்டவர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி அளித்துவந்த பில் ஜெஃப்ரி, பிறப்பால் ஸ்காட்லாந்துக்காரர். ஆட்டக்காரர்களில் வால்டர் பார் பள்ளி ஆசிரியர், கியோ தபால் துறை ஊழியர், கேட்ஜென்ஸ் நியூயார்க்கில் படித்துக்கொண்டே ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவியவர். வாலஸ் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்து மீண்டவர். எல்லோரும் ஒன்றுகூடிப் பயிற்சி செய்ய அவகாசமே கிடைக்கவில்லை.

இங்கிலாந்துக்கு முன் ஸ்பெயினோடு என்ன ஆயிற்று?

அந்த ஆட்டம்தான் பலரும் தவறவிடுகிற துப்பு. ஜூன் 25, போட்டியை நடத்திய பிரேசிலின் குரிட்டிபா நகரம். பரியானியின் கோலால் முன்னிலை பெற்ற அமெரிக்கா, ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்வரை 1-0 என்று நின்றது. பிறகு ஸ்பெயின் அடுத்தடுத்து மூன்று கோல் போட்டு 3-1 என வென்றது. இதே ஸ்பெயின்தான் ஒரு வாரம் கழித்து மரக்கானாவில் இங்கிலாந்தையும் 1-0 என வீழ்த்தியது. எண்பது நிமிடம் ஸ்பெயினுக்கு ஒரு கோலும் கொடுக்காத அணியை வெறும் கற்றுக்குட்டிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எண்பது நிமிடங்களை இங்கிலாந்துத் தரப்பு கணக்கில் எடுத்திருந்தால், நட்சத்திர ஆட்டக்காரர் ஸ்டான்லி மேத்யூஸை அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்காரவைத்திருக்குமா என்பது சந்தேகம்.

அந்த ஆட்டத்தில் என்னதான் நடந்தது?

ஜூன் 29, பெலோ ஹொரிசோன்டேயின் இன்டிபென்டென்சியா மைதானம். கூட்டம் பத்தாயிரத்துச் சொச்சம். தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. நடுவர் இத்தாலியின் ஜெனரோசோ தத்திலோ. அமெரிக்க அணிக்கு அன்று தலைவர் ஸ்காட்லாந்தில் பிறந்த எட் மெக்இல்வெனி. எதிரணி இங்கிலாந்து என்பதால் அவருக்கு அந்த மரியாதையை ஜெஃப்ரி கொடுத்தார். எதிரே பில்லி ரைட், ஆல்ஃப் ராம்சி, டாம் ஃபின்னி, ஸ்டான் மார்ட்டென்சன், வில்ஃப் மேனியன். நான்கைந்து கோலோடு தப்பித்தால் போதும் என்பதுதான் களமிறங்கும்போது தன் எண்ணம் என்று போர்கியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இடப்பக்கத்திலிருந்து மார்ட்டென்சன் கொடுத்த பந்தை ராய் பென்ட்லி அடிக்க, போர்கி அதை விரல்நுனியால் வெளியே தள்ளினார். முதல் பன்னிரண்டு நிமிடங்களில் இங்கிலாந்து ஆறு முறை கோலை நோக்கி அடித்தது. இரண்டு முறை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அமெரிக்காவின் முதல் அடியே 25ஆவது நிமிடத்தில்தான். அரை மணி நேரத்தையொட்டி மீண்டும் ஓர் அலை: மார்ட்டென்சன் இரண்டு முறை மேலே தூக்கி அடித்தார்; ஃபின்னி தலையால் முட்டியது மேல் மூலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது போர்கி அதைத் தட்டிவிட்டார்.

முதல் பாதி முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், சுமார் 25 கஜத்திலிருந்து வால்டர் பார் ஓர் அடி அடித்தார். இங்கிலாந்து கோல்கீப்பர் பெர்ட் வில்லியம்ஸ் தன் வலப்பக்கம் நகர்ந்து பிடிக்கத் தயாரானார். குறுக்கே பாய்ந்த கேட்ஜென்ஸின் தலையில் பந்து உரசித் திசை மாறி வலைக்குள் போனது. குருட்டு அதிர்ஷ்டம் என்று இங்கிலாந்து பக்கத்தில் சொன்னவர்கள் உண்டு. கேட்ஜென்ஸ் எப்போதும் அப்படித்தான் பாய்வார், வேண்டுமென்றே போட்ட கோல்தான் என்று பார் கடைசிவரை சாதித்தார்.

இரண்டாம் பாதியில் பிரேசில் ரசிகர்களின் ஆரவாரம் முழுக்க அமெரிக்காவுக்குத்தான். இங்கிலாந்து வெளியேறினால் தங்கள் அணிக்கு நல்லது என்ற கணக்கு அவர்களுக்கு. மார்ட்டென்சன் அடித்த ஃப்ரீ கிக் ஒன்றைப் போர்கி தடுத்தார். அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே கிடையாது. யார் களைத்தாலும் அவரேதான் ஓட வேண்டும். மணி ஏற ஏற இங்கிலாந்தின் அடிகளில் அவசரம் கூடியது.

இங்கிலாந்தின் ஜிம்மி முல்லன் முட்டிய பந்து கோட்டைக் கடந்துவிட்டது என்கிறார்களே?

ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருந்தபோது நடந்தது அது. தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடிய மார்ட்டென்சனைக் கொலம்போ பின்னாலிருந்து பாய்ந்து வீழ்த்தினார். கால்பந்துத் தடுப்பு என்பதைவிட ரக்பித் தடுப்பு என்பதே பொருத்தம். பெனால்டி கேட்டார்கள். எல்லைக்கு வெளியே என்று நடுவர் ஃப்ரீ கிக் மட்டுமே கொடுத்தார். ராம்சி தூக்கிப்போட்ட பந்தை முல்லன் தலையால் முட்ட, உள்ளே போகப்போன பந்தைப் போர்கி கடைசி நொடியில் தட்டி வெளியேற்றினார். கோட்டைத் தாண்டிவிட்டது என்று இங்கிலாந்து வீரர்கள் முறையிட்டார்கள், நடுவர் ஏற்கவில்லை.

இன்று போல் கேமரா இல்லை. ஆட்டத்தின் முழுப் படப்பதிவே கிடையாது. எனவே இந்த வழக்கில் தீர்ப்பு மாறப்போவதில்லை. என் கருத்தைக் கேட்டால், பெனால்டி கொடுக்காததற்கு இங்கிலாந்து வருத்தப்பட்டது ஓரளவு நியாயம். முல்லன் விஷயத்தில் கோட்டருகே நின்று பார்த்தவர் யாரும் இல்லாதபோது நடுவரை நம்புவதைத் தவிர வழியில்லை.

எல்லாம் அதிர்ஷ்டம்தான் என்று சொல்லலாமா?

கம்பத்தில் பட்ட பந்துகளுக்குப் போர்கி பெருமை கொண்டாட முடியாது. மேலே பறந்தவற்றுக்கும் அப்படியே. ஆனால் பென்ட்லியின் அடி, ஃபின்னியின் தலைமுட்டு, மார்ட்டென்சனின் ஃப்ரீ கிக், முல்லனுடைய பந்து என்று நான்கையாவது அவர் கை தொட்டிருக்கிறது. அதில் ஒன்று உள்ளே போயிருந்தாலும் இன்று இந்தக் கேள்வி-பதிலுக்கு வேலை இல்லை.

அதே போர்கி மூன்று நாள் கழித்து ரெசிஃபியில் சிலியிடம் ஐந்து கோல் வாங்கினார். அமெரிக்கா 5-2 எனத் தோற்றது. மூன்று ஆட்டங்களில் மொத்தம் 8 கோல். பிரிவில் அமெரிக்காவுக்குக் கடைசி இடம். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்கள் ஆடினார்கள் என்ற புகார்?

ஹைத்தியின் கேட்ஜென்ஸ், ஸ்காட்லாந்தின் மெக்இல்வெனி, பெல்ஜியத்தின் ஜோ மாக்கா மூவரும் அப்போது குடியுரிமை பெற்றிருக்கவில்லை. குடிமகனாகும் எண்ணத்தை அறிவித்தால் போதும் என்பது அன்றைய அமெரிக்கக் கால்பந்துச் சங்க விதி. விசாரித்த ஃபிஃபா 1950 டிசம்பரில் தவறில்லை என்று முடித்துவைத்தது. போர்கிக்கும் இந்தப் புகாருக்கும் சம்பந்தமில்லை; அவர் பிறப்பாலேயே அமெரிக்கர்.

செய்தி வந்தபோது லண்டன் பத்திரிகைகள் அச்சுப்பிழை என்று நினைத்து "இங்கிலாந்து 10-1" என்று போட்டனவாமே?

சுவையான கதை, ஆதாரம் காட்டியவர் யாரும் இல்லை. அன்று இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்கு வேறு துக்கமும் இருந்தது. அதே ஜூன் 29 அன்றுதான் லார்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணி, ராமதின், வேலன்டைன் ஆகியோரின் சுழலால் இங்கிலாந்தை 326 ரன் வித்தியாசத்தில் வென்றது. இங்கிலாந்து மண்ணில் அதன் முதல் டெஸ்ட் வெற்றி அது. ஒரே நாளில் இரண்டு அடி விழுந்தால் எதை முதல் பக்கத்தில் போடுவது?

சரி, அமெரிக்காவில் எப்படிக் கொண்டாடினார்கள்?

கொண்டாடவே இல்லை. பெலோ ஹொரிசோன்டேயில் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து வீரர்களைத் தோளில் தூக்கினார்கள், அவ்வளவுதான். உலகக் கோப்பையை நேரில் பார்த்து எழுதப்போன அமெரிக்க நிருபர் ஒரே ஒருவர்: செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பாட்ச் நாளிதழின் டென்ட் மெக்ஸ்கிம்மிங். அவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு சொந்தக் காசில் போனவர். விமான நிலையத்தில் தன்னை வரவேற்க வந்தது மனைவி மட்டும்தான் என்று பார் சொல்வதுண்டு. போர்கி செயின்ட் லூயிஸுக்குத் திரும்பி வேலையைப் பார்க்கப் போனார்.

பிழைப்புக்கு என்ன செய்தார்?

இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனத்தில் சவ ஊர்தி ஓட்டுநர். பிறகு இறுதிச் சடங்கு இயக்குநர். அமெரிக்காவில் அது உரிமம் பெற்றுச் செய்யும் தொழில்: உடலைப் பதப்படுத்தி ஒப்பனை செய்வது, தேவாலயத்தோடும் கல்லறையோடும் நேரம் பேசுவது, துக்க வீட்டாரை உட்காரவைத்துப் பேசுவது எல்லாம் அதில் அடங்கும். பத்திரிகைக்காரர்கள் இதைக் கேலியும் திகிலுமாக எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. இருபது வயதுக்குள் போர்முனையில் அவர் பார்த்த சாவுகளோடு ஒப்பிட்டால், ஒழுங்காகப் பெட்டியில் வைத்து, பெயர் சொல்லி அடக்கம் செய்வது அவருக்கு நிம்மதியான வேலையாகக்கூட இருந்திருக்கலாம்.

அமெரிக்காவும் இங்கிலாந்தும் பிறகு மோதினவா?

1953இல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் இங்கிலாந்து 6-3 என வென்றது. உலகக் கோப்பையில் மறுபடி சந்தித்தது 2010இல், தென்னாப்பிரிக்காவின் ருஸ்டன்பர்க்கில், 1-1 டிரா. அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து கோல்கீப்பர் ராபர்ட் கிரீன் கையிலிருந்து பந்து நழுவி உள்ளே உருண்டது நினைவிருக்கும். 2022 கத்தாரில் 0-0. ஆக, உலகக் கோப்பையில் அமெரிக்காவை இங்கிலாந்து இதுவரை வென்றதில்லை.

போர்கியின் ஆட்ட வாழ்க்கை எப்போது முடிந்தது?

நாட்டுக்காக 1954 வரை. அந்த ஆண்டு உலகக் கோப்பைக்கு அமெரிக்கா தகுதி பெறவில்லை. அடுத்து தகுதி பெற்றது 1990இல். போர்கிக்கு அப்போது வயது 65.

விருதுகள்?

1976இல் அமெரிக்கத் தேசியக் கால்பந்துப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். 2005இல் வெளிவந்த ஹாலிவுட் படம் ஒன்றில் அவர் வேடத்தில் நடித்தவர் ஸ்காட்லாந்து நடிகர் ஜெரார்ட் பட்லர். போர்கி இறந்தபோது அந்தப் பதினொருவரில் பார் மட்டுமே மிஞ்சியிருந்தார். அவரும் 2018இல் காலமானார்.

அமெரிக்காவின் முதல் பெரிய கோல்கீப்பர் போர்கிதானா?

இல்லை. அந்த இடம் ஜிம்மி டக்ளஸுக்கு உரியது. 1930இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பையின் தொடக்க நாளான ஜூலை 13 அன்று, அமெரிக்கா பெல்ஜியத்தை 3-0 என வென்றது. உலகக் கோப்பை வரலாற்றில் ஒரு கோலும் விடாத முதல் கோல்கீப்பர் என்று பெயர் வாங்கியவர் டக்ளஸ். ஆனால் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 6-1.

அந்த மைதானம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. இன்டிபென்டென்சியா முற்றிலும் இடித்துக் கட்டப்பட்டு 2012இல் மீண்டும் திறக்கப்பட்டது. பெலோ ஹொரிசோன்டேயின் அமெரிக்கா மினெய்ரோ கிளப்புக்கு அதுதான் சொந்த மைதானம். அந்தக் கிளப்பின் பெயருக்கும் 1950க்கும் தொடர்பில்லை. அதற்கு வெகு முன்பே, 1912இலேயே தொடங்கப்பட்ட கிளப் அது.